இன்சென்டிவ்வை நம்பி இஎம்ஐ போடலாமா? எர்ணாவூர் கிரேன் யார்டு சொல்லித் தர்ற பணப் பாடம்



"சம்பளம் எவ்வளவுப்பா?"ன்னு சொந்தக்காரங்க யாராவது கேட்டா, சேல்ஸ், பிசினஸ் டெவலப்மெண்ட் வேலையில இருக்கறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லுவோம். "கைக்கு 24 வரும், இன்சென்டிவ் சேர்த்தா 37." அந்த இரண்டாவது எண்ணை வச்சுத்தான் கார், கல்யாணம், வீடுன்னு எல்லாத்தையும் பிளான் பண்றோம்.

நானும் அப்படித்தான் பண்ணேன். அதனால எங்க அம்மாவோட செயின் 14 மாசம் பேங்க்ல அடகுல இருந்துச்சு.

எர்ணாவூர் பக்கம் ஒரு யார்டுல இருந்து கிரேன், ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு விடற கம்பெனியில வேலை பார்த்த காலம் அது. இந்தப் பதிவுல அந்த வேலை எப்படி நடக்குது, இன்சென்டிவ் எங்கிருந்து வருது, ஏன் சில சமயம் வர்றதே இல்ல, அந்தப் பணத்தை எப்படிக் கையாளணும்னு பார்க்கலாம். நீங்க கிரேன் விக்கலைன்னாலும் பரவாயில்ல. பேங்க், இன்சூரன்ஸ், சாஃப்ட்வேர்னு எந்த வேலையா இருந்தாலும், சம்பளத்துல ஒரு பகுதி டார்கெட்டை வச்சு வருதுன்னா இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல, இந்த வேலை என்ன?

வடசென்னையில ராயபுரத்துல ஆரம்பிச்சு திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்னு மேல போனா, அதைத் தாண்டி காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். மேற்குப் பக்கம் மணலி ரிஃபைனரி. நடுவுல கன்டெய்னர் வைக்கிற சிஎஃப்எஸ் யார்டுகள், அசோக் லேலண்ட் மாதிரி பெரிய தொழிற்சாலைகள். இங்க எல்லாத்துக்கும் எடை தூக்கற மெஷின் வேணும். துறைமுகத்துக்கும் சிஎஃப்எஸ்ஸுக்கும் ரீச் ஸ்டாக்கர், ஃபோர்க்லிஃப்ட். தொழிற்சாலைக்கு ஹைட்ரா. ரிஃபைனரியில பராமரிப்புக்காக ஷட்டவுன் எடுத்தா பெரிய கிரேன். எண்ணூர்ல இருந்து தச்சூர் வழியா மாமல்லபுரம் பக்கம் போற சென்னை எல்லைச் சாலைக்கு ஜேசிபி, எக்ஸ்கவேட்டர், ரோலர்.

இதை எல்லாரும் சொந்தமா வாங்க மாட்டாங்க. மூணு மாச வேலைக்கு யாரும் கோடி ரூபாய் கிரேன் வாங்கிப் போட முடியாதே. அங்கதான் வாடகை பிசினஸ் வருது. பிசினஸ் டெவலப்மெண்ட் ஆளோட வேலை என்னன்னா, எந்த சைட்டுல எப்ப என்ன மெஷின் தேவைப்படும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். போய்ப் பார்க்கணும், கொட்டேஷன் கொடுக்கணும், ஒர்க் ஆர்டர் வாங்கணும். அதுக்கப்புறம் பணம் வசூல் ஆகற வரைக்கும் பின்னாடியே அலையணும்.

மெஷின் விக்கறவங்களுக்கும் வாடகைக்கு விடறவங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விக்கறவருக்கு ஒரு டெலிவரிக்கு ஒரு தடவைதான் இன்சென்டிவ். வாடகைக்கு மெஷின் ஓடற வரைக்கும் மாசாமாசம் கொஞ்சம் வரும். இரண்டுமே நிச்சயம் இல்லாத வருமானம்தான்.

ஒரு மெஷினோட மாசக் கணக்கு

இது புரிஞ்சாத்தான் உங்க இன்சென்டிவ் புரியும். இங்க நான் எடுத்திருக்கறது கணக்குக்காக வச்ச எண்கள், மார்க்கெட் ரேட் இல்ல.

24 லட்சம் ரூபாய்க்கு ஒரு கிரேன் வாங்கறோம். 20% கையில இருந்து போட்டு, மீதி 19.2 லட்சத்துக்கு 11% வட்டியில நாலு வருஷக் கடன். இஎம்ஐ சுமார் 50,000 வரும். மாசச் செலவு இப்படி:

- இஎம்ஐ: 50,000
- ஆப்பரேட்டர், ஹெல்பர் சம்பளம்: 40,000
- இன்சூரன்ஸ், வரி, எஃப்சி, லோடு டெஸ்ட் எல்லாம் மாசத்துக்குப் பிரிச்சா: 8,000
- டயர், ஹோஸ், ஆயில், ரிப்பேர்: 12,000

மொத்தம் 1,10,000. டீசல் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்புன்னு வச்சுக்குவோம்.

வாடகை மாசம் 26 நாளுக்கு 1,40,000. நாளுக்கு 5,385 ரூபாய். 26 நாளும் ஓடினா லாபம் 30,000. ஆனா 20 நாள்தான் ஓடுச்சுன்னா வர்றது 1,07,700. நஷ்டம் 2,300. அதாவது மாசத்துல முதல் 20 நாள் வருமானம் முழுக்க செலவுக்கே சரியாப் போயிடும். 21-வது நாள்தான் லாபம் எட்டிப் பார்க்கும்.

இப்போ கஸ்டமர் "பத்து பெர்சன்ட் குறைச்சுக்குங்க சார்"ங்கறார். நீங்களும் ஆர்டர் கிடைச்சா போதும்னு சரின்னு சொல்லிட்டீங்க. வாடகை 1,26,000 ஆச்சு. லாபம் 30,000-ல இருந்து 16,000-க்கு வந்துடுச்சு. குறைச்சது வாடகையில பத்து சதவீதம்தான், ஆனா லாபத்துல கிட்டத்தட்ட பாதி போயிடுச்சு. மேனேஜர் ஏன் டிஸ்கவுன்ட்டுன்னா முகத்தைச் சுளிக்கிறார்னு இப்போ புரியுதா?

அடுத்தது கடன் நாள். பில் போட்ட 90 நாள் கழிச்சுத்தான் பணம்னா, முதல் ரூபாய் கைக்கு வர்றதுக்கு முன்னாடி கம்பெனி குறைஞ்சது 3,30,000 ரூபாய் செலவு பண்ணி முடிச்சிருக்கும். இதுபோக, பில் போட்ட மாசத்துக்கான 18% ஜிஎஸ்டி, இன்புட் கிரெடிட் கழிச்சது போக, அடுத்த மாசமே கட்டியாகணும். கஸ்டமர் பணம் தந்தாரா இல்லையான்னு அங்க கேட்க மாட்டாங்க.

இந்தத் தொழில்ல பெரிய கம்பெனிங்க எதைப் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா, புனேவைச் சேர்ந்த சங்வி மூவர்ஸோட காலாண்டு அறிக்கையைப் படிச்சுப் பாருங்க. பங்குச் சந்தையில இருக்கற கிரேன் வாடகைக் கம்பெனி. மெஷின்கள்ல எத்தனை சதவீதம் வேலையில இருந்துச்சு, போட்ட முதலுக்கு மாசம் எத்தனை சதவீதம் வாடகை வந்துச்சுன்னு சொல்லியிருப்பாங்க. வாங்கின ஆர்டரோட பெருமையை விட இந்த இரண்டு எண்தான் அங்க பேசும்.

ஆர்டர் கையில, பணம் எங்க?

இதுக்கு எர்ணாவூர்லயே ஒரு பாடம் இருக்கு. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சோட மூடப்பட்டது. அதுக்குப் பதிலா எர்ணாவூர்ல 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம். 2014-ல ஒப்பந்தம் லான்கோ இன்ஃப்ராடெக் நிறுவனத்துக்குப் போச்சு. பெரிய பேரு, அரசாங்க வேலை, பக்கத்துலயே சைட். எந்த பிசினஸ் டெவலப்மெண்ட் ஆளுக்கும் வாயில எச்சில் ஊறும்.

2017-ல லான்கோ திவால் நடவடிக்கைக்குள்ள போச்சு. 2018-ல நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு வந்துச்சு. திட்டம் பாதியில நின்னு, 2019-ல வேற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்க வேண்டியதாச்சு.

இப்படி ஒரு ஒப்பந்ததாரர் திவாலானா, மெஷின் வாடகைக்கு விட்டவர் நிலைமை என்ன? 2016-ல வந்த திவால் சட்டப்படி அவர் 'ஆபரேஷனல் கிரெடிட்டர்'. கலைப்பு நடந்தா, சொத்தை அடமானமா வச்சுக் கடன் கொடுத்த வங்கிகள் அவருக்கு முன்னாடி நிப்பாங்க. இவர் வரிசையில ரொம்பப் பின்னாடி. திட்டம் அரசாங்கத்தோடதா இருக்கலாம். ஆனா உங்க பில்லுக்குப் பணம் தரப்போறது நடுவுல இருக்கற கான்ட்ராக்டர். அவரை நம்பித்தான் உங்க இன்சென்டிவ்வும் இருக்கு.

அதனால கொட்டேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க:

- பணம் தரப்போறது யாரு? மெயின் கான்ட்ராக்டரா, சப் கான்ட்ராக்டரா, அவருக்கும் கீழ ஒருத்தரா?
- மெஷினை டிரெய்லர்ல கொண்டு போற, திரும்பக் கொண்டு வர்ற செலவு யாரோடது?
- குறைஞ்சபட்ச வாடகை எத்தனை நாளுக்கு? சைட்டுல வேலை இல்லாம நின்னா ஐடில் சார்ஜ் உண்டா?
- லாக் ஷீட்ல தினமும் கையெழுத்துப் போடப்போறது யாரு? கையெழுத்து இல்லாத நாளுக்கு பில் பாஸ் ஆகாது.
- ஒரு மாச அட்வான்ஸ் கிடைக்குமா?

உங்க கம்பெனி உத்யம் பதிவு இருக்கற மைக்ரோ அல்லது ஸ்மால் நிறுவனமா இருந்தா இன்னொரு ஆயுதமும் கையில இருக்கு. எம்எஸ்எம்இடி சட்டம் 2006 படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும். தவறினா ஆர்பிஐ பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுல இருந்து வருமான வரியிலயும் ஒரு பிடி வந்துச்சு. அந்தக் கெடுவுக்குள்ள பணம் தரலைன்னா, தர்ற வரைக்கும் அதைச் செலவா காட்டி வரியைக் குறைக்க முடியாது. மார்ச் மாசம் அக்கவுன்ட்ஸ் ஆளைப் பார்க்கப் போகும்போது இதைப் பணிவா ஞாபகப்படுத்துங்க, வேலை நடக்கும்.

நான் எங்க சறுக்கினேன்?

என் கைக்கு வந்த ஃபிக்ஸட் சம்பளம் 24,000. இன்சென்டிவ் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஒரு வருஷ சராசரி பார்த்தா மாசம் 13,000 வந்துச்சு. ஆக 37,000 சம்பளம்னு மனசுல எழுதிக்கிட்டேன். வாடகை 8,000, மளிகை 7,000, அம்மா மருந்து 2,000, மத்த செலவு 4,000. மொத்தம் 21,000. "மீதி 16,000 இருக்கே"ன்னு 9,800 ரூபாய் இஎம்ஐயில கார் எடுத்தேன்.

உண்மையில ஃபிக்ஸட் சம்பளத்துல மீதி இருந்தது 3,000 தான். மாசம் 6,800 பள்ளம். அதை இன்சென்டிவ் மூடிக்கிட்டு இருந்ததால கண்ணுக்குத் தெரியல.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் சைட்டுங்க நின்னுச்சு, மெஷின்கள் யார்டுக்குத் திரும்பிடுச்சு. ஓடின ஒரு பெரிய ஆர்டர்லயும் பணம் அஞ்சு மாசம் தள்ளிப்போச்சு. "90 நாளுக்குள் வசூலான தொகைக்கு மட்டுமே இன்சென்டிவ்"னு பாலிசியில இருந்துச்சு. நான்தான் அதைப் படிக்கல. இரண்டு காலாண்டுக்கு இன்சென்டிவ் பூஜ்யம். ஆறு மாசத்துல 40,800 ரூபாய் துண்டு விழுந்துச்சு. அம்மா ஒரு வார்த்தை கேட்காம செயினைக் கழட்டிக் கொடுத்தாங்க. அதை மீட்கறதுக்குள்ள 14 மாசம் ஆச்சு. இடையில நடந்த இரண்டு கல்யாணத்துக்கு வெறும் கழுத்தோட போனாங்க. அதுதான் எனக்கு வட்டியை விடப் பெருசா வலிச்சது.

ஆஃபர் லெட்டர்ல படிக்க வேண்டியது

வேலையில சேர்றவங்க, ஏற்கனவே சேர்ந்தவங்க, இரண்டு பேருமே இன்சென்டிவ் பாலிசியை எடுத்து வச்சு இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. இன்சென்டிவ் ஆர்டர் மதிப்புக்கா, பில் போட்டதுக்கா, வசூல் ஆனதுக்கா?
2. எத்தனை நாளுக்குள்ள வசூல் ஆகணும்?
3. டார்கெட்ல 80% முடிச்சா கொஞ்சமாவது வருமா, 100% முடிச்சாத்தானா?
4. எப்போ தருவாங்க? மாசமா, காலாண்டா, வருஷமா?
5. பணம் வர்றதுக்குள்ள வேலையை விட்டா, உழைச்ச இன்சென்டிவ் கிடைக்குமா?
6. சிடிசியில காட்டற வேரியபிள் தொகை நிச்சயமா, அதிகபட்சமா? கடந்த வருஷம் உங்க பதவியில இருந்தவங்களுக்குச் சராசரியா எவ்வளவு கிடைச்சுச்சு?

ஆறாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீங்க. பதில் சொல்லத் தயங்கினா, அந்த வேரியபிளைப் பூஜ்யம்னு வச்சுக் கணக்குப் போட்டு, அப்பவும் அந்த வேலை ஒத்து வருதான்னு பாருங்க.

தடைக்கால நிதி

நம்ம பகுதியில இதை ரொம்ப நாளா தெரிஞ்சு வச்சிருக்கறவங்க காசிமேடு விசைப்படகுக்காரங்க. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையிலதான். நல்ல பாடு கிடைச்ச நாள்லயும் தடைக்காலம் மனசுல இருக்கும்.

நமக்கும் தடைக்காலம் உண்டு, தேதி மட்டும் போட்டிருக்காது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து எர்ணாவூர் குப்பம் வரைக்கும் பாதிச்சுதே, அது எந்தக் காலண்டர்லயும் இல்ல. அதனால நான் இப்போ கடைப்பிடிக்கற முறை இது.

ஒண்ணு: வீடு ஃபிக்ஸட் சம்பளத்துல ஓடணும். வாடகை, மளிகை, மருந்து, இஎம்ஐ, இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். அடங்கலைன்னா அந்த இஎம்ஐ இப்போ வேண்டாம்.

ரெண்டு: இன்சென்டிவ்வுக்குத் தனி அக்கவுன்ட். வந்த அன்னைக்கே அங்க மாத்திடுங்க. ஏடிஎம் கார்டு, யுபிஐ எதுவும் அதோட இணைக்காதீங்க.

மூணு: ஆறு மாசச் செலவு சேர்ற வரைக்கும் 70-20-10. 70% தடைக்கால நிதிக்கு, 20% கடன் அடைக்க, 10% உங்க சந்தோஷத்துக்கு. ஏன் ஆறு மாசம்? இன்சென்டிவ் காலாண்டுக்கு ஒரு தடவைதான் வருது. ஒரு காலாண்டு மழையில போய், அடுத்தது வசூல் தாமதத்துல போனா ஆறு மாசம் ஆயிடும். என் கணக்குல 21,000 வீதம் 1,26,000 வேணும். காலாண்டுக்கு 39,000 வந்தா, அதுல 70% 27,300. அஞ்சு காலாண்டுல, அதாவது ஒண்ணேகால் வருஷத்துல சேர்ந்துடும். இந்தப் பணம் எஃப்டி அல்லது லிக்விட் ஃபண்டுல இருந்தா போதும். ஷேர் மார்க்கெட்டுக்கு இது போகக் கூடாது.

நாலு: நிதி நிறைஞ்ச பிறகு அந்த 70% முதலீட்டுக்கும் பெரிய லட்சியங்களுக்கும் போகட்டும். மாசாமாசம் போற எஸ்ஐபி மட்டும் ஃபிக்ஸட் சம்பளத்துல இருந்து, சின்னதா. இன்சென்டிவ் வரும்போது கூடுதலா மொத்தமா போட்டுக்கலாம். இப்படிப் பண்ணா இன்சென்டிவ் வராத மாசத்துலயும் எஸ்ஐபி நிக்காது.

அஞ்சு: அலைச்சல் பணம் தனி. பெட்ரோல், டோல், கஸ்டமருக்கு டீ எல்லாம் உங்க கையில இருந்து போட்டு, ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் ரீஇம்பர்ஸ்மென்ட் வருதுன்னா, நீங்க கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கறீங்க. ஒரு மாச அலைச்சல் செலவைத் தனியா ஒதுக்கி அதுலயே சுத்துங்க. பில்லை வாரா வாரம் போட்டுடுங்க. திரும்பி வர்ற அந்தப் பணத்தை வருமானமா நினைச்சுச் செலவு பண்ணிடாதீங்க.

ஆறு: பாதுகாப்பு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் டிரெய்லர் நடுவுல பைக்ல போறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. சம்பளம் 21,000-ஐத் தாண்டினா பொதுவா இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே வந்துடுவீங்க. ஹெல்த் இன்சூரன்ஸ், தனிநபர் விபத்துக் காப்பீடு, குடும்பம் உங்களை நம்பி இருந்தா டேர்ம் இன்சூரன்ஸ், இந்த மூணும் கம்பெனி தருதான்னு பாருங்க. இல்லன்னா நீங்களே எடுங்க.

வரி பத்தி ஒரு வார்த்தை. இன்சென்டிவ் முழுக்கச் சம்பள வருமானம்தான், தனிச் சலுகை எதுவும் இல்ல. 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் ரிபேட், 75,000 நிலையான கழிவும் சேர்த்தா சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்ல. சீனியர் லெவல்ல இருக்கறவங்க பெரிய இன்சென்டிவ் வந்து இந்தக் கோட்டைத் தாண்டற வருஷத்துல, டிடிஎஸ் பிடிச்சது போக கைக்கு என்ன வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டுடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

கடந்த 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க. இன்சென்டிவ் வந்த வரிகளை எல்லாம் பேனாவால அடிச்சுடுங்க. மீதி இருக்கற சம்பளத்துல எந்தெந்த மாசம் வீடு ஓடியிருக்கும், எந்த மாசம் ஓடியிருக்காதுன்னு எழுதுங்க. ஓடாத மாசங்களோட பள்ளத்தைக் கூட்டுங்க. அந்த எண்தான் நீங்க முதல்ல சேர்க்க வேண்டிய தொகை.

அந்தக் காரை நான் வித்துட்டேன். செயினை மீட்டு அம்மா கையில கொடுத்தப்போ, "அடுத்து என்ன வாங்கப் போறே?"ன்னு சிரிச்சாங்க. இரண்டு வருஷம் கழிச்சு பழைய கார் ஒண்ணு வாங்கினேன், முழுப் பணமும் இன்சென்டிவ் அக்கவுன்ட்ல இருந்து. இஎம்ஐ இல்ல.

இந்தக் கணக்கை நம்ம சேனல்ல வீடியோவாவும் பார்க்கலாம். டார்கெட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கற உங்க நண்பர் யாராவது கார் புக் பண்ணப் போறார்னா, அதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.